கழுகு எந்தப் பக்கம்

ஜூன் 3, செவ்வாய்

அத்தானின் மொபைல் கடையில் மிச்சமாகிப்போன போன வருஷத்து டைரி இது. கிழமைகளை அடித்துத் திருத்தித்தான் எழுத வேண்டும். "வாய்தான் தெறக்க மாட்டுக்க, எழுதியாவது தொலை" என்று ரோஸ்லின் அக்கா என் மடியில் போட்டாள்.

எழுத என்ன இருக்கிறது? எனக்குப் பதினேழு வயது. ஒன்பதாம் வகுப்போடு நின்றுவிட்டேன். எழுந்து நின்று சத்தமாக வாசி என்று டீச்சர் சொன்னால் எனக்கு வாந்தி வரும். ஒரு நாள் வந்தே விட்டது. அதற்குப் பிறகு போகவில்லை. அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. அம்மா குவைத்தில் ஒரு வீட்டில் வேலை பார்க்கிறாள். நான் தூத்துக்குடியில் அக்கா வீட்டில் இருக்கிறேன். அக்காவுக்கு இது ஏழாம் மாதம்.

சமையல், துணி, பாத்திரம் போக எனக்கு இன்னொரு வேலையும் உண்டு. அத்தானின் வீடியோவில் வரும் கை நான்தான். அத்தான் பெயர் கிளாட்சன். யூடியூபில் 'கத்தி கிளாட்சன்'. புதுசாக வரும் சமையல் கத்திகளைப் பற்றிப் பேசுவார். நான் வெட்டுவேன். முகம் வராது, கை மட்டும். முகம் வராது என்பதால்தான் சம்மதித்தேன்.

'கத்தி வட்டம்' என்று ஒரு குழுவும் வைத்திருக்கிறார். தமிழ்நாடு முழுக்கக் கத்திப் பைத்தியங்கள் அதில் இருக்கிறார்கள். அத்தானுக்கு அங்கே ஐந்தாறு பெயர்கள் உண்டு. காலையில் கக்கூஸில் உட்கார்ந்துகொண்டு தன்னைத் தானே புகழ்ந்து எழுதுவார். "சூப்பர் ப்ரோ, உங்க பேச்ச நம்பி வாங்குனேன், வெண்ணெய் மாதிரி வெட்டுது." வெளியே வந்து கை கழுவாமல் இட்லி எடுப்பார்.

ஜூன் 5, வியாழன்

இன்று 'செங்கழுகு' கத்தி. கம்பெனிக்காரன் இலவசமாக இரண்டு பெட்டி அனுப்பியிருந்தான். கத்தியின் ஒரு பக்கத்தில் மட்டும் சின்னதாக ஒரு கழுகு பொறித்திருந்தது. மறுபக்கம் வெறுமை.

எங்கள் முறை இது. முந்தின நாளே பெட்டியைப் பிரித்து நான் சாணைக்கல்லில் கத்தியைத் தீட்டிவிட வேண்டும். பிறகு அத்தான் ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டுவார். கேமரா முன்னால் கிழித்து, "மக்களே, இப்பத்தான் பிரிக்கேன், உங்க கண்ணு முன்னாலயே!" என்பார். தக்காளி காயாகப் பார்த்து வாங்க வேண்டும். மீனைப் பாதி உறைய வைக்க வேண்டும். அப்போதுதான் கேக் மாதிரி துண்டு விழும். இத்தனை வருஷம் வீடுகளில் மீன் வெட்டிய எந்தப் பெண்ணும் பார்த்தவுடன் சொல்லிவிடுவாள். பார்க்கிறவர்கள் ஒருவரும் மீன் வெட்டினவர்கள் இல்லை போல.

மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகு போகவில்லை. நாட்டுவள்ளத்துக்காரரிடம் அத்தான் ஒரு பெரிய சீலா மீன் வாங்கி வந்திருந்தார். தலையை வெட்டும்போது கத்தி எலும்பில் நின்றது.

"ஓங்கி அடிட்டி. பயப்படுத மாதிரி வெட்டாத, கேவலமா இருக்கு."

இரண்டாவது அடியில் பிடி என் கையில் இருந்தது, கத்தி அதற்குள்ளேயே திரும்பிவிட்டது. விரலில் ஒரு கீறல். மீன் ரத்தம் எது, என் ரத்தம் எது என்று தெரியவில்லை. அத்தான் முதலில் கேமராவைத்தான் துடைத்தார்.

பிறகு ஒரு யோசனை சொன்னார். "அடுத்த பெட்டில உள்ளத எடு. மிச்சத்த எடக்கையால வெட்டு. வீடியோவக் கண்ணாடில பாக்க மாதிரி திருப்பிப் போட்டுக்கிடுதேன், எடக்கை வலக்கையாயிரும்."

வலக்கையில் துணியைச் சுற்றி, மேலே ரப்பர் உறையை மாட்டிவிட்டார். "கேட்டா சுகாதாரம்னு சொல்லிக்கிடலாம்."

வெட்டி முடித்தேன். உறைக்குள் சொதசொதவென்று இருந்தது.

ஜூன் 6, வெள்ளி

கீறல்தான். எழுத்து கோணலாக வருகிறது. பேனா சரியில்லை.

ஜூன் 8, ஞாயிறு

பூசையில் கை கூப்பினேன். இரண்டு விரல் மட்டும் தனியாக நின்றது. வீக்கம் இருக்கும்வரை அப்படித்தான்.

வீடியோ போட்டாகிவிட்டது. ஆயிரக்கணக்கில் பார்த்திருக்கிறார்கள். பின்னூட்டங்களை வாசித்தேன். வாசிக்காமல் இருந்திருக்கலாம்.

"கத்தியவிட அந்த விரல்தான் கூர்மை." "இந்தக் கைக்கு மோதிரம் போட நான் ரெடி." "யாருய்யா அந்தப் பொண்ணு, அடுத்த வாட்டி நெயில் பாலிஷ் போடச் சொல்லு." கடைசியாகச் சொன்னவன் தன் படமாகப் பேரன் பேத்தியோடு கோயில் வாசலில் நிற்பதை வைத்திருக்கிறான். எனக்கு என் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் போல் இருந்தது. துணி நனையக் கூடாது என்பதால் கழுவவில்லை.

இவர்களுக்கு நடுவில் பர்வீன் எழுதியிருந்தார்.

பர்வீனைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆம்பூர்க்காரர். ஷூ கம்பெனி ஒன்றில் தோல் வெட்டும் பிளேடுகளின் தரம் பார்க்கும் வேலை. குழுவில் கத்தி விமர்சனம் எழுதுவார். முதலில் தன் காசில் வாங்கிய பில்லைப் போடுவார். பதினைந்து நாள் அந்தக் கத்தியை வீட்டில் புழங்குவார். அதுவரை எவ்வளவு கேட்டாலும் வாய் திறக்க மாட்டார். பிறகு பிடியை ரம்பத்தால் நெடுக்காக அறுத்து, உள்ளே இரும்பு எவ்வளவு தூரம் போகிறது என்று படம் போடுவார். பக்கம் பக்கமாக இருக்கும். பாதி எனக்குப் புரியாது. சிரிப்பு வராத ஆள். ஒருமுறை வெங்காயத்தாளைப் பற்றி மட்டுமே முழுசாக ஒரு பதிவு எழுதினார். ஆனால் தெரியாத இடத்தில் "இது எனக்குத் தெரியவில்லை" என்று எழுதுவார். அந்தக் குழுவில் வேறு யாரும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை.

இன்று எழுதியது இது:

"கிளாட்சன் சார், பெட்டி பிரிக்கும்போது கத்தியை இரண்டு பக்கமும் காட்டினீர்கள். முனையை முன்னால் வைத்துப் பிடித்தால் கழுகு இடது பக்கத்தில் மட்டும் இருக்கிறது. மீன் தலை வெட்டின பிறகு கழுகு வலது பக்கத்தில் இருக்கிறது. கழுகு தானாகப் பறந்து போகாது. படத்தைத் திருப்பிப் போட்டிருக்கிறீர்கள். அப்படியென்றால் அந்தப் பொண்ணு அதுக்கப்புறம் இடக்கையால் வெட்டுகிறாள். தலைக்கு விழுந்த இரண்டாவது அடியின் சத்தமும் சரியில்லை, பிடி கழன்ற சத்தம். பொண்ணோட வலக்கைக்கு என்ன ஆச்சு?"

அத்தனை பேர் என் கையைப் பார்த்தார்கள். கைக்கு என்ன ஆச்சு என்று ஒருத்தர் கேட்டார்.

 

ஜூன் 9, திங்கள்

அத்தான் பல் விளக்கிக்கொண்டே கத்தினார். நுரை சுவரெல்லாம் தெறித்தது. "கழுகு எந்தப் பக்கம் இருந்தா இவளுக்கு என்ன? சவத்துப் பொம்பள! கத்தி பாக்கச் சொன்னா கோழி பாத்துக்கிட்டு இருக்கா."

"கழுகு, அத்தான்" என்றேன். என்னையறியாமல் வந்துவிட்டது. முறைத்தார்.

குழுவில் பர்வீனை ஓட ஓட விரட்டினார்கள். "அடுப்படியில இருக்க வேண்டியது இங்க வந்து நீதிபதி." "பிரியாணிக்கு வெங்காயம் உரி தாயி, கத்திய ஆம்பளைங்க பாத்துக்கிறோம்." அத்தானின் கக்கூஸ் பெயர்கள் பாதி, உண்மையான ஆட்கள் பாதி. உண்மையான ஆட்கள் எழுதினதுதான் அதிகம் நாறியது.

பர்வீன் ஒவ்வொருவருக்கும், "நான் கேட்டதற்கு இது பதில் இல்லை" என்று மட்டும் எழுதினார். நேற்றே தன் காசில் ஒரு செங்கழுகுக்கு ஆர்டர் போட்டுவிட்டதாகவும், புழங்கிப் பார்த்துவிட்டு எழுதுவதாகவும் சொன்னார். மத்தியானம் அத்தான் அவரைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டு, முந்நூறு பேர் கைதட்டும் படம் போட்டதை எனக்குக் காட்டினார். இலை போட்டு விருந்து வைத்த மாதிரி முகம்.

ஜூன் 12, வியாழன்

பாம்பனிலிருந்து கற்பகவல்லி என்று ஒரு அக்கா குழுவில் குரல் பதிவு போட்டிருக்கிறார். மகளிர் சங்கம் சேர்ந்து மீன் வெட்டிக் கொடுக்கும் கடை திறக்கப் போகிறார்களாம். "எங்க புள்ளைக பூரா தலை வெட்டுற வேலைதான் தம்பி, நாள் பூரா. எல்லாருக்கும் ஒரே மாதிரி கத்தி வாங்கிக் குடுக்கணும். அடுத்த மாசம் மொத வாரம் சங்கத்துல முடிவு பண்ணிருவோம். இந்தச் செங்கழுகு வாங்கலாமா? நெசத்தச் சொல்லுங்க."

அத்தான் பதில்: "கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க அக்கா. நான் கேரண்டி."

அவர் கொடுக்கும் லிங்கில் வாங்கினால் அவருக்குப் பங்கு உண்டு. சாப்பிட உட்கார்ந்தேன். சோறு இறங்கவில்லை. மீன் குழம்பு என்பதால் இருக்கலாம்.

ஜூன் 14, சனி

அக்கா பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தாள். "அருவாமனைல வெட்டிட்டுன்னு சொல்லு. அவரு பேரு எங்கயும் வரப்பிடாது."

டாக்டரம்மா விரலை இப்படியும் அப்படியும் அசைத்தார். "அன்னைக்கே வந்திருக்கணும். உள்ள தசைநாண் அறுந்திருக்கு. திருநெல்வேலிக்கு எழுதித் தாரேன், ஆபரேஷன் பண்ணிப் பாக்கலாம். உறுதி சொல்ல முடியாது" என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, "அருவாமனையா? சுண்டு விரல் பக்கம் எப்படி வெட்டும்?" என்று கேட்டார். அக்கா வயிற்றைத் தடவிக்கொண்டு கூரையைப் பார்த்தாள்.

அத்தான் சீட்டை வாங்கிப் பார்த்துவிட்டு, "பாப்பா பொறக்கட்டும், பாப்போம்" என்று பிரிட்ஜ் மேல் வைத்தார்.

சுண்டு விரல் கொஞ்சம் சோம்பேறியாகிவிட்டது, அவ்வளவுதான். பாத்திரம் தேய்க்க மூன்று விரல் போதும்.

ஜூன் 16, திங்கள்

பர்வீன் அக்காவுக்குத் தனியாக எழுதிவிட்டேன். எழுதி, அழித்து, எழுதி. கடைசியில் போனது இவ்வளவுதான்: "நீங்கள் கேட்டது சரி. அந்தக் கை என்னுடையது. பிடி கழன்றது."

உடனே குரல் பதிவு வந்தது. 'ஐயோ பாவம்' என்று இருக்கும் என்று நினைத்தேன். இல்லை.

"பேரு என்னம்மா? அடிச்சப்ப கத்தி எந்தப் பக்கம் திரும்புச்சு? உன் பக்கமா, வெளிப்பக்கமா? அதுக்கு முன்னால சுடுதண்ணியில ஊற வெச்சியா? பிடியில விரிசல் பாத்தியா?"

போலீஸ்காரர் மாதிரி. நான் ஒவ்வொன்றுக்கும் எழுத்தில் பதில் சொன்னேன்.

"ஜெசிந்தா, நீ சொல்றத நான் நம்புறேன். ஆனா நம்புறத வெச்சு நான் எழுத மாட்டேன். என்கிட்ட இருக்கற கத்தி இன்னும் உடையல. உடையாத கத்திய உடைஞ்சதுன்னு நான் சொன்னா, எனக்கும் உங்க அத்தானுக்கும் என்ன வித்தியாசம்?"

போனைத் தலையணைக்கு அடியில் தள்ளினேன். எல்லாரும் ஒரே சாதிதான். இவருக்குக் கத்தி முக்கியம், எனக்கு என்ன ஆனால் என்ன?

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று வந்தது. "காயம் எப்படிம்மா இருக்கு? விரல் மடங்குதா?"

"மடங்குது. சின்னக் காயம்" என்று எழுதினேன்.

ஜூன் 21, சனி



உடைந்த கத்தியை அத்தான் தூக்கிப் போடவில்லை. பிடிக்குள் பசையை ஊற்றி, கத்தியைச் செருகி, மணல் காகிதத்தால் தேய்த்து, புதுசு மாதிரி ஆக்கியிருக்கிறார். விரலால் தடவி, "பாத்தியாட்டி, கண்டுபிடிக்க முடியுமா?" என்று கேட்டார். இடுக்கில் கறுப்பாக ஏதோ இருந்தது. அது என்ன என்று எனக்குத் தெரியும்.

சாயந்திரம் நேரலையில் குலுக்கல். ரசிகர்களுக்கு இலவசக் கத்தி. எல்லாச் சீட்டிலும் ஒரே பெயர். "நம்ம அதிர்ஷ்டசாலி... பாம்பன் கற்பகவல்லி அக்கா!"

பிறகு எனக்கு விளக்கினார். "ஓசில ஒண்ணு கையில போய்ச் சேந்துட்டா சங்கமே வாங்கும். இதெல்லாம் யாவாரம்."

"அவங்க தலை வெட்டுவாங்களே அத்தான்."

"வெட்டட்டும். பசை இரும்பு மாதிரி பிடிக்கும். பொதிஞ்சு வை, திங்கக்கிழமை அனுப்பணும்."

ஜூன் 23, திங்கள்

பொதிந்தேன். குமிழ்த்தாள், அட்டை, பிறகு பழுப்புத்தாள். விலாசத்தை எப்போதும் நான்தான் எழுதுவேன், அத்தானின் கையெழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கும். பர்வீன் அக்கா போட்டிருந்த பில் ஒன்றில் இருந்த விலாசத்தைப் பார்த்து, ஆம்பூர் என்று எழுதினேன். பின்கோடைச் சரிபார்த்தேன். அத்தான் பொட்டலத்தை வண்டியில் மாட்டிக்கொண்டு விசிலடித்துக்கொண்டே கூரியர் ஆபீசுக்குப் போனார்.

ஜூன் 28, சனி

கற்பகவல்லி அக்கா இன்னும் கத்தி வரவில்லை என்று கேட்டிருக்கிறார். அத்தான் கூரியர்காரர்களைத் திட்டி ஒரு வீடியோ போட்டார். நல்ல கூட்டம் பார்த்ததாம்.

ஜூலை 1, செவ்வாய்

பர்வீன் அக்கா தன் சொந்தப் பக்கத்தில் எழுதிவிட்டார். நீளமான பதிவு. முதலில் பில். பிறகு, இரும்பு நல்ல இரும்பு என்று ஆரம்பிக்கிறது! எவ்வளவு நேரம் கூர் தாங்கும், எலுமிச்சைச் சாறு பட்டால் கறை பிடிக்கிறதா என்றெல்லாம். காய்கறிக்கு இந்த விலைக்கு இது நல்ல கத்தி என்கிறார். எனக்கு ஆத்திரமாக வந்தது. என்ன மனுஷி இவர்!

அதற்குப் பிறகுதான் பிடி. இரும்பின் வால் பிடிக்குள் ஒரு விரல் கணுவுக்கு மேல் போகவில்லை, மிச்சம் வெறும் பொந்து. படம். பதினைந்து நாள் சமையலில் ஒன்றும் ஆகவில்லை. அதன்பின் பெரிய மீன்களின் தலையை வெட்டிப் பார்த்திருக்கிறார், கையில் இரும்பு வலை உறை போட்டுக்கொண்டு. இரண்டாம் நாள் பிடி ஆட ஆரம்பித்தது. மூன்றாம் நாள் கழன்றது. படம். பிறகு நான் அனுப்பிய கத்தி. பசை, பசைக்கு அடியில் காய்ந்த ரத்தம். "இந்தக் கத்தியால் ஒரு பெண்ணின் கையில் சிறு காயம் ஏற்பட்டது என்று அவரே சொன்னார். எலும்பு வெட்டுகிறவர்கள் இதை வாங்கவே கூடாது" என்று முடித்திருக்கிறார்.

ஒரு கெட்ட வார்த்தை இல்லை. அத்தான் பெயர்கூட இல்லை.

யாரோ அதைக் குழுவில் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள். "கம்ப்யூட்டர்ல செஞ்ச படம்." "போட்டிக் கம்பெனி காசு." "மூணு நாள் மீன் தலை வெட்டுச்சாம், வீட்ல வேற வேலை இல்ல."

அத்தான் பசையைப் பார்த்ததும் புரிந்துகொண்டார். என் முன்னால் வந்து நின்றார். "நீயாட்டி அனுப்புன?"

நான் பேசவில்லை. எனக்கு அது பழக்கம்.

அக்காதான் அழுதாள். "பேறு காலம் வருதுட்டி. இந்த வீட்டுக்குக் கஞ்சி அந்தக் கத்தில இருந்துதான் வருது. ஒனக்கு ரெண்டு வெரலு பெருசா போச்சா?"

ஜூலை 6, ஞாயிறு

நாளைக்குப் பாம்பன் சங்கத்தில் கூட்டம். அதனால் இன்று நேரலை.

கற்பகவல்லி அக்கா குழுவில் கேட்டிருந்தார்: "தம்பி, ஆம்பூரம்மா ஒண்ணு சொல்றாங்க, நீங்க ஒண்ணு சொல்றீங்க. அன்னைக்கி வெட்டுன அதே புள்ளய நேருல வெட்டிக் காட்டச் சொல்லுங்க. நாங்க எல்லாரும் சேந்து பாக்கோம்."

அத்தானுக்கு வேறு வழியில்லை. போனின் முன்கேமராவில் எல்லாம் திரும்பித்தான் தெரியும், அதனால் இடக்கையால் வெட்டு என்றார். வலக்கையில் உறை மாட்டினார். மீனின் தலையைப் பாதிவரை முன்கூட்டியே அறுத்து, தோலை மூடி வைத்தார். சென்ட் அடித்துக்கொண்டார். மீனும் சென்டும் சேர்ந்த நாற்றத்தை என்னவென்று எழுதுவது?

"வணக்கம் மக்களே! பொய் சொல்லுதவங்க வாய அடைக்கத்தான் இன்னைக்கு வந்திருக்கேன்."

கத்தியை எடுத்தேன். திரையில் எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. இதயங்கள், தீ, 'வந்தாச்சு நம்ம விரல் அழகி'. அதற்கு நடுவில் பாம்பனிலிருந்து ஒரு வரி வந்தது.

"கத்திய ரெண்டு பக்கமும் காட்டுங்க தம்பி. கழுகு எந்தப் பக்கம் இருக்கு?"

அத்தான் சிரித்தார். "அக்கா, கழுகெல்லாம் பெறவு பாப்போம். மொத தலை. வெட்டுட்டி."

நான் வெட்டவில்லை. டீச்சர் எழுந்து நில் என்று சொன்ன நாள் ஞாபகம் வந்தது. கத்தியைப் பலகையில் வைத்தேன். வலக்கை உறையைப் பல்லால் இழுத்துக் கழற்றினேன். கையைக் கேமராவுக்கு நேராகத் தூக்கினேன்.

"என்னட்டி செய்யுத?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார், சிரித்த முகம் மாறாமல்.

பாம்பனிலிருந்து இன்னொரு வரி: "அம்மாடி, அந்த வெரல மடக்கும்மா."

மடக்கினேன். மூன்று விரல் மடங்கியது.

அத்தான் போனைக் கவிழ்த்துப் போட்டார்.

ஜூலை 7, திங்கள்

பாம்பன் சங்கத்தில் செங்கழுகு வேண்டாம் என்று முடிவாகிவிட்டதாம். கற்பகவல்லி அக்கா குழுவில் எழுதினார். உடனே அவரையும் நீக்கிவிட்டார்கள். பிடி முழுக்க இரும்பு போகிற கத்தி எது என்று அவர் இப்போது பர்வீன் அக்காவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். இன்னொன்று புழங்கிக்கொண்டிருக்கிறேன், பதினைந்து நாள் ஆகட்டும் என்று அவர் சொல்லிவிட்டாராம்! கடை திறப்பைத் தள்ளி வைத்திருக்கிறார்கள்.

குழுவில் ஒருத்தன், "ச்சே, அழகான கை, வீணாப் போச்சே" என்று எழுதி, அழுகிற பொம்மை போட்டிருக்கிறான். எழுபது பேருக்கு அது பிடித்திருக்கிறது.

அத்தான் என்னோடு பேசவில்லை. அது ஒரு வசதி. அக்கா காலையில் பிரிட்ஜ் மேலிருந்து திருநெல்வேலி சீட்டை எடுத்து, ஒன்றும் சொல்லாமல் என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

மத்தியானம் பர்வீன் அக்கா அழைத்தார். பதிவு இல்லை, நேராக அழைப்பு. எடுத்தேன். திட்ட ஆரம்பித்தார்.

"ஜெசிந்தா, விரல் மடங்குதுன்னு எனக்கு எழுதினே. உன் வார்த்தைய நம்பி, சிறு காயம்னு எழுதிட்டேன். முந்நூறு பேர் வாசிச்சிருக்காங்க. நேத்து பாக்கறேன், மடங்கல. நான் தப்பு எழுதியிருக்கேன். என் விமர்சனத்துல தப்பு இருக்கு! ஏன் பொய் சொன்னே?"

அவர் குரல் நடுங்கியது. விமர்சனத்தில் தப்பு வந்ததற்காகத்தான் என்று நினைத்தேன். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"இப்ப திருத்தப் போறேன். பேனா கையில இருக்கு. நீயே உன் வாயால சொல்லு. என்னைக்கு, எப்படி, எவ்வளவு மடங்குது? கூட்டாம, குறைக்காம."

பின்வாசல் படியில் உட்கார்ந்தேன். அவர் அவசரப்படுத்தவில்லை.

"ஜூன் அஞ்சாந்தேதி" என்றேன். "மீன் தலை வெட்டும்போது. சுண்டு வெரலு மடங்கல. சுத்தமா மடங்கல. பக்கத்து வெரலும் மடங்கல, தொட்டா உணர்ச்சி மட்டும் இருக்கு. கீறல் இல்ல அக்கா. எலும்பு தெரிஞ்சுது."

அவர் எழுதும் சத்தம் கேட்டது.

"வேற?" என்று கேட்டார்.

வேறும் இருந்தது. சொன்னேன்.